மூடுபனி மேல் பழி போடாதீர்கள்

கேத்தி பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூரைமேல் டிஷ். அதைப் பற்றிய தப்பான நம்பிக்கைகளும் வீட்டுக்கு வீடு உண்டு.

"பனி இறங்கினா சிக்னல் போயிடும்." போகாது. டிடிஎச் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அலையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. மில்லிமீட்டர் கணக்கில் பருத்த மழைத்துளிதான் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கிறது. நம் ஊரில் மழையும் பனியும் சேர்ந்தே வருவதால் பழி பனிமேல் விழுகிறது. "மலை மறைக்குது" என்பதும் சரியில்லை. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் உள்ள செயற்கைக்கோள், இங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 75 பாகை உயரத்தில் இருக்கும். குறுக்கே வருவது பெரும்பாலும் வீட்டோரத்துக் கற்பூர மரக் கிளைதான்.

இதைவிட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இன்னொன்று: "ரிமோட்டை அழுத்தினா கேள்வி மேலே போய், பதில் கீழே வருது." வீட்டு டிஷ்ஷுக்கு வாங்க மட்டுமே தெரியும். 36,000 கிலோமீட்டர் தொலைவுக்கு அது எதையும் அனுப்புவதில்லை. அப்படியானால் இன்டராக்டிவ் சேவை எப்படி நடக்கிறது? டிஷ்ஷோடு இணைந்த செட்டாப் பெட்டிகளுக்கு நெறிமுறை வகுத்தவர்களின் திறமை இங்கேதான் தெரிகிறது. கேட்க வழியில்லாத பெட்டிக்கு, கேட்கக்கூடிய எல்லாவற்றையும் ஓயாமல் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த முறைக்குப் பெயர் கரௌசல். டவுன் பஸ் மாதிரி, ஒன்றை விட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு மெகாபைட் தகவலை நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு சுற்றுக்கு 8 நொடி. சராசரிக் காத்திருப்பு 4 நொடி. மெனு தாமதமாக வந்தால் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை ஒரே சுற்றில் பலமுறை வைக்கிறார்கள்.

இணையத்தில் ஒரு துண்டுத் தகவல் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை. ஆகவே 188 பைட் கொண்ட பொட்டலங்களாகப் போகும் தகவலோடு, பிழை திருத்தும் உபரித் தகவலையும் முன்கூட்டியே சேர்த்து அனுப்புகிறார்கள். மழையில் படம் முதலில் கட்டங்கட்டமாக உடைந்து, பிறகு ஒரேயடியாக நிற்பது அந்தத் திருத்தமும் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான்.

"ரீசார்ஜ் பண்ணிட்டேன், காசு போனதுதான் மிச்சம்" என்று புலம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியின் அட்டை எண்ணைத் தாங்கிய, சேனலைத் திறக்கும் அனுமதிச் செய்தி எல்லார் வீட்டு டிஷ்ஷுக்கும்தான் வருகிறது. உங்கள் பெட்டி மட்டும் அதை ஏற்கும். அந்த நேரம் பிளக் பிடுங்கப்பட்டிருந்தால் செய்தி தவறிவிடும், வந்து சேரவில்லை என்று சொல்லவும் பெட்டியால் முடியாது. அரசு கேபிள் பெட்டிக்கும் செய்தி கேபிள் வழியாக இப்படித்தான் வருகிறது. ஆகவே பணம் கட்டியதும் பெட்டியை ஆன் செய்து, ஒரு சேனலை வைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். அப்புறமும் படம் வராவிட்டால் அனுமதிச் செய்தியை மறுபடி அனுப்பும்படி (ரெஃப்ரெஷ்) நிறுவனத்திடம் கேளுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.