ஐந்து வாட்டே அதிகம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய கிட்டார் பதிவை மூன்று தடவை கேட்டேன். போன வருஷம் தந்தியை வளைக்கும்போது சுருதி ஒரு நூலிழை தாழ்ந்தே நிற்கும். இப்போது சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்கிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது. செல்போன் ஆப்பும் ஹெட்போனும் இனிப் போதாது, வால்வு ஆம்ப் வாங்கலாம் என்றிருக்கிறேன், 15 வாட்டில் ஒன்றும் 30 வாட்டில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், எதை எடுக்கலாம் மாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் கயல். மூன்றாவது மாடி ஃபிளாட்டில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில் வாசிக்கவும் ரெக்கார்ட் செய்யவும் உனக்கு வேண்டியது மிகச் சின்ன ஆம்ப். எவ்வளவு சின்னது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

வால்வை நான் முதலில் பார்த்தது உன் தாத்தாவின் ரேடியோ ரிப்பேர் கடையில். பின்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுவார். உடனே சத்தம் வராது. கண்ணாடிக் குழல்களுக்குள் ஒரு புள்ளி முதலில் மங்கலாகச் சிவந்து, பிறகு ஆரஞ்சாக ஒளிரும். சூடேறிய தூசியின் வாசனை கிளம்பும். அரை நிமிஷம் போல ஆன பிறகு, எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி பாட்டு வரும். அந்த செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டிய கடைசி வால்வின் பெயர் இஎல்84. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த இஎல்84 டப்பாக்கள் தாத்தாவின் அலமாரியில் இருந்தன. நீ பார்த்து வைத்திருக்கிற 15 வாட் ஆம்பில் இருப்பதும் அதே இஎல்84 தான், இரண்டு. இன்று அதை ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள்.

டிரான்சிஸ்டர் வந்து எல்லாவற்றிலும் வால்வைத் துரத்திய பிறகும் கிட்டார்காரர்கள் மட்டும் ஏன் அதை விடவில்லை? வால்வுக்குள் சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு எதிரே இருக்கிற தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் ஒரு கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் துளி மின்சாரம் அந்த வலையில் ஏறி, பெரிய ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டுகிறது. தாங்கும் எல்லையை நெருங்கும்போது அலையின் உச்சி வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. அந்த மழுங்கலில்தான் மூலச் சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் எழுந்து, நாம் விரும்புகிற கரகரப்பு உண்டாகிறது. முக்கியமான விஷயம், அது உன் கைக்கு அடங்கியிருக்கும். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தால் அதே ஆம்ப் சாதுவாகிவிடும். விரல் பழகுவதற்கு மட்டும் என்றால் வால்வு தேவையே இல்லை, ஆப் போதும். நீ அதைத் தாண்டிவிட்டாய், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இப்போது கணக்கு. ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பது அது. கிட்டார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 95 முதல் 100 வரை இருக்கும். 95 என்றே வைத்துக்கொள். பவர் பத்தில் ஒரு பங்கானால் 10 டெசிபல் குறையும். அப்படியானால் 0.1 வாட்டுக்கு 85 டெசிபல், 0.01 வாட்டுக்கு 75. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் அளவில்தான். 75 டெசிபலில் நீ வாசித்தாலே உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அதாவது வீட்டில் நீ நிஜமாகவே செலவழிக்கப் போவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. 5 வாட்டை முழுக்கத் திறந்தால் 102 டெசிபல். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம், அதற்கு மேல் காது தாங்காது என்று வரம்பு வைத்திருக்கிறது. உனக்கு இருபது வயது. அந்தக் காது இன்னும் ஐம்பது வருஷம் உழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். 50 வாட் ஆம்ப், 5 வாட்டைவிட இரண்டு மடங்குதான் சத்தம் போடும். உன்னுடைய 15க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். கூடுதல் பணத்தில் உனக்குக் கிடைப்பது எடையும் சூடும்தான்.

"வால்வு ஆம்பை முழுக்கத் திறந்தால்தான் அதன் குணம் தெரியும்" என்று யாராவது சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அது மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் சொன்னது. ஆம்பில் இரண்டு கட்டம் உண்டு. முன்னால் சின்ன வால்வு, 12ஏஎக்ஸ்7 (ஐரோப்பியப் பெயர் இசிசி83). பின்னால் ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் வால்வு. ஃபிளாட்டில் பவர் வால்வை மழுங்கவைக்க வழியில்லை, சத்தம் தாங்காது. முன்கட்டத்தில் கரகரப்பை உண்டாக்கி, பின்கட்டத்தில் சத்தத்தை அடக்க வேண்டும். அதனால் கெயின் என்று ஒரு குமிழும் மாஸ்டர் என்று ஒரு குமிழும் தனித்தனியாக இருக்கிறதா என்பதை முதலில் பார். ஒரே ஒரு வால்யூம் குமிழ் மட்டும் உள்ள ஆம்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும் உன் வீட்டுக்கு ஆகாது. 1950களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் செய்த சாம்ப் அப்படிப்பட்டது: ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் வால்வாக ஒரு 6வி6, ஒரு ரெக்டிஃபையர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், 5 வாட். அது நன்றாகக் கரகரக்கும்போது தெருமுனை வரை கேட்கும்.

சில நிறுவனங்கள் இந்தப் பிரச்சினையை நேராகவே எடுத்துக்கொண்டன. மார்ஷலின் டிஎஸ்எல்1 மொத்தமே 1 வாட். ஒரு ஸ்விட்சைப் போட்டால் 0.1 வாட்டுக்கு இறங்கும். பிளாக்ஸ்டாரின் எச்டி-1 இசிசி82 என்கிற சின்ன வால்வையே பவர் வால்வாக வைத்து 1 வாட் எடுக்கிறது. இந்த வரிசையில்தான் நீ தேட வேண்டும். இந்த இரண்டில்தான் வாங்கு என்று சொல்லவில்லை, இந்த அளவில் வாங்கு என்கிறேன். 5 வாட் எடுத்தால் பவரைக் குறைக்கிற ஸ்விட்ச் கட்டாயம். பெட்டிமேல் வால்வு என்று எழுதியிருந்தாலே நம்பிவிடாதே. முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 வைத்துவிட்டு, பின்னால் முழுக்க டிரான்சிஸ்டர் வைக்கிற ஆம்புகளும் உண்டு. ஆரஞ்ச் நிறுவனத்தின் மைக்ரோ டெரர் அந்த வகை, அதில் ஒளிவுமறைவும் இல்லை. கேட்க நன்றாகவே இருக்கும். நீ எதற்குப் பணம் கொடுக்கிறாய் என்று தெரிந்து கொடு, அவ்வளவுதான்.

எல்லாரும் வால்வைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். என் அனுபவத்தில் சின்ன ஆம்பின் ஒலியைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் அதன் மரப்பெட்டியும். 8 அங்குல ஸ்பீக்கரைக் கையகலப் பெட்டியில் அடைத்தால் கீழ்ச்சுரங்கள் காணாமல் போய், மூக்கடைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அதே 1 வாட் ஆம்பை 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள தனிப் பெட்டியோடு இணைத்துக் கேள். வேறு ஆம்ப் என்று சத்தியம் செய்வாய். ஆகவே பின்னால் வெளி ஸ்பீக்கருக்கு ஜாக் இருக்கிற ஆம்பாகப் பார். இப்போது ஆம்பை வாங்கு, ஆறு மாதம் கழித்துப் பெட்டியை வாங்கு. ஆம்ப் பின்னால் 8 ஓம்ஸ் என்றிருந்தால் பெட்டியும் 8 ஓம்ஸ்.

சத்தம் குறைவாக வைத்தால் ஒலி சப்பையாக இருக்கிறதே என்று முதல் வாரமே எனக்கு போன் செய்வாய். அது ஆம்பின் குற்றமில்லை. தணிந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ச்சுரங்கள் குறைவாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். மைக்குக்கு அந்தக் குறை கிடையாது. சின்ன ஆம்பில் பதிந்ததைப் பிறகு நல்ல சத்தத்தில் போட்டுக் கேட்டால் மலை மாதிரி நிற்கும். 1970இல் மயாமியின் கிரைடீரியா ஸ்டூடியோவில் 'லைலா' தொகுப்பைப் பதிவு செய்தபோது எரிக் கிளாப்டன் வாசித்தது அந்த 5 வாட் சாம்ப் வகை ஆம்பில்.

பதிவுக்கு ஷ்யூர் எஸ்எம்57 மைக் ஒன்று போதும். 1965இலிருந்து இருக்கிறது, இன்றும் கிட்டார் ஸ்பீக்கர் முன்னால் அதைத்தான் வைக்கிறார்கள். ஆம்பைத் தரையில் வைக்காதே, ஸ்டூல் மேல் வை. டார்ச் அடித்து வலைத்துணிக்குள் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுக் குமிழ் தெரியும். மைக்கை வலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேர் நடுவில் வைத்துப் பதிவு செய். ஊசி மாதிரி குத்தும். இரண்டு சென்டிமீட்டர் ஓரமாக நகர்த்தி அதே வரியை வாசி. குத்தல் அடங்கி உடம்பு வரும். இன்னும் இரண்டு நகர்த்தினால் போர்வைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். டோன் குமிழை எவ்வளவு திருகினாலும் இந்த மாற்றம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே செலவழி. சுவர் எதிரொலித்தால் மெத்தையை எடுத்து ஆம்புக்கு எதிரே நிறுத்து.

இரவில் வாசிக்க, ஸ்பீக்கரின் குணத்தைப் போலச் செய்கிற லைன் அவுட் இருந்தால் ஹெட்போனிலேயே கேட்கலாம், கம்ப்யூட்டருக்கும் நேரே கொடுக்கலாம். லோட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு, ஸ்பீக்கர் இடத்தில் அதை இணைப்பார்கள். இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

இனி சொல்லப்போவதை அலட்சியமாகப் படிக்காதே. ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது. என் இருபத்து நாலாவது வயதில், ஸ்பீக்கர் கேபிள் கழன்றிருந்ததைக் கவனிக்காமல், ஏன் சத்தம் வரவில்லை என்று கெயினை ஏற்றிக்கொண்டே போனேன். இரண்டு நிமிஷத்தில் வார்னிஷ் கருகுகிற வாசனை. போக வழியில்லாத மின்சாரம் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே எகிறி, அதன் காப்புப் பூச்சைத் துளைத்துவிட்டது. புது டிரான்ஸ்பார்மர் சுற்றி வாங்க நான்கு மாதம் ஆயிற்று.

பின்பக்கத்தைத் திறக்காதே. வால்வுகளுக்குப் போகிற மின்சாரம் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கு மேல், சிலவற்றில் 350 வரை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். தாத்தா வேலை செய்யும்போது இடது கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்வார். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் அது நெஞ்சு வழியாகப் போகும் என்பார்.

உன் அறையின் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். எர்த் இல்லாவிட்டால் ஆம்ப் ஓயாமல் உறுமும். தந்தியைத் தொட்டால் சுரீரென்று இழுக்கவும் கூடும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் பின்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும். நம் ஊர் வோல்ட்டுக்குச் செய்ததையே வாங்கு.

பழைய ஆம்ப் கிடைத்தால் கால்மணி நேரமாவது ஓடவிட்டுப் பார். பென்சிலின் மரப்பக்கத்தால் வால்வுகளை லேசாகத் தட்டு. ஸ்பீக்கரில் மணி அடிக்கிற மாதிரி கேட்டால் அந்த வால்வு போய்விட்டது, மாற்றிக்கொள்ளலாம். வால்வுக்குள் நூல் போல ஆரஞ்சு ஒளி தெரிவது சரி. வெளித்தகடே சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிட்டு வந்துவிடு.

கடைக்குப் போகிற அன்று உன் கிட்டாரையும் உன் கேபிளையும் கையோடு கொண்டுபோ. கடைக்காரர் வாசித்துக் காட்டுகிறேன் என்பார். அவர் பெரிதாகத் திறந்து வாசிப்பார், எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும். நீயே உட்கார்ந்து, பேச்சுக் குரல் அளவுக்கு மாஸ்டரை இறக்கி, இப்போது எனக்கு அனுப்பினாயே, அந்த வரியை வாசி. அந்தச் சத்தத்தில் எது உன் விரலுக்குப் பதில் சொல்கிறதோ அதை வாங்கு. வாங்கியதும் முதல் பதிவை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா