தறி வீடும் தொலைக் கல்வியும்

பள்ளி என்னும் சொல் பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தையும் குறித்தது. நம் திருமலையின் குந்தவை ஜினாலயத்தையும் ஓவியம் தீட்டிய குகைகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கற்க விரும்பியவர், கற்பிப்பவர் இருக்கும் இடத்துக்கு நடந்து போனார். வேலை அப்படியன்று. ஆரணி வட்டாரத்தில் வேலை வீட்டுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது. மேஸ்திரி பாவும் பட்டும் சரிகையும் கொடுக்கிறார்; நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து, சேலையாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். எத்தனை மணி நேரம் தறியில் அமர்ந்தீர் என்று யாரும் கேட்பதில்லை. சேலைக்குத்தான் கூலி.

இதையே இன்று பெரிய கம்பெனிகள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகின்றன. அமெரிக்கரான ஜாக் நில்ஸ் என்பவர் 1973இல் இதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்தார். ஆனால் இதனால் நன்மையா தீமையா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் முக்கியமானவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பிக்கும் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் ஆவார்.

சீனாவின் ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டுக் கம்பெனி உள்ளது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியர்களிடம், வீட்டிலிருந்து வேலை செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். முன்வந்தவர்களில் தகுதி பெற்றவர் 249 பேர். இவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்புவது? பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாக உள்ளவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும், மற்றவர்கள் வழக்கம்போல் அலுவலகத்திலும் வேலை செய்தார்கள். சிபாரிசுக்கு இடமில்லாத இந்த முறைதான் ஆராய்ச்சியின் உயிர். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததே பெரும் காரணம். வேலையை விட்டு விலகுவோரும் பாதியாகக் குறைந்தனர். ஆயினும் சோதனை முடிந்து, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றவுடன், முதலில் ஆசைப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மனம் மாறினர். தனிமை அவர்களை வாட்டியது. இன்னொன்றும் உண்டு: ஒரே அளவு நன்றாக வேலை செய்தும், வீட்டிலிருந்தவருக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவரை மேலதிகாரி மறந்துவிடுகிறார்!

நம் ஊருக்கு மிகவும் பொருந்தும் செய்தி, அந்த ஆராய்ச்சியின் நிபந்தனைகளில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் வேகமான இணைய வசதி வேண்டும்; தனியறை ஒன்றும் வேண்டும். தறி வீட்டில் தனியறை ஏது? கூடத்தில் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். தறிச் சத்தத்தில் வாய்விட்டுப் படிப்பது நமக்குப் பழக்கமானதே. ஆனால் காதில் வைத்துப் பாடம் கேட்பது வேறு.

இனித் தொலைக் கல்விக்கு வருவோம். புனித சின்னப்பர் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியின் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் செய்யும் தொழில் செய்தார். பிறகு அதே கொரிந்தியருக்குத் தொலைவிலிருந்து கடிதம் வழியே போதித்தார். தபாலில் பாடம் நடத்துவதை ஒரு முறையாக்கியவர் இங்கிலாந்தின் ஐசக் பிட்மன். 1840இல் சுருக்கெழுத்தை அவ்விதம் கற்பித்தார். நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது.

தமிழகத்தில் இத்துறைக்கு உழைத்தவர்களுள் முனைவர் வா.செ. குழந்தைசாமியை நாம் தனியே அறிந்துகொள்ள வேண்டும். கரூர் அருகே 1929இல் பிறந்த இவர் நீரியல் பொறியாளர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியபின், 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அச்சிட்ட பாடம், திருத்தி அனுப்பப்படும் பயிற்சித்தாள், விடுமுறை நாளில் ஆசிரியரைச் சந்திக்க ஒரு மையம் என்பது அப்பல்கலைக்கழகத்தின் முறை. அஞ்சலில் புத்தகம் அனுப்பிவிட்டு மறந்துவிடுவது தொலைக் கல்வியாகாது என்பது இதிலிருந்தே விளங்கும். பின்னர் 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை உருவாக்குவதிலும் முன்னின்றார். அயல்நாட்டுத் தமிழ்க் குழந்தைகள் இணையத்தில் தமிழ் கற்க அது வழிசெய்தது. இன்று அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். குழந்தைசாமி 2016இல் மறைந்தார்.

நான்கு ஆண்டு சென்று, 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்தது நல்லதாயிற்று. ஒன்பதாம் வகுப்பு முதலானவை 2021 செப்டம்பரிலும், சிறு வகுப்புகள் நவம்பரிலும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் கைபேசியே வகுப்பறை. வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் பாடம் வந்தால் யார் கையில் அது போகும் என்று நாம் எழுத வேண்டுமா? 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டில் நூறு ஆண்களில் 57 பேரும் நூறு பெண்களில் 33 பேருமே இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் என்கிறது.

வேறொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்குப் போன பெண்ணை யாரும் நடுவில் கூப்பிட மாட்டார்கள். வீட்டிலிருந்து படிக்கும் பெண்ணோ 'சும்மா' இருப்பவள். தார் சுற்றவும், தண்ணீர் பிடிக்கவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அவளையே அழைப்பார்கள். பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தறி ஒரு நாள் நின்றால் அடுப்பும் தடுமாறும். ஆயினும் ஷாங்காய் ஊழியருக்குக் கேட்ட தனியறையை மகளுக்குத் தர இயலாவிட்டாலும், தனி நேரம் தர இயலும். மாலை ஆறு முதல் ஏழரை வரை கைபேசி அவளுடையது, அந்நேரம் யாரும் அழைப்பதில்லை என்று வீட்டார் கூடி முடிவு செய்தால் போதும்.

மேல்நிலை வகுப்பு அக்காமார்களுக்கு ஒரு செய்தி. நடுவணரசின் சுவயம் தளத்திலும், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்திலும் பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, குறித்த மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். ஆகவே அன்றைக்குப் பேருந்தில் கூட அழைத்துப் போக வீட்டில் ஒருவரை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.