தாராவியிலிருந்து தமாலுக்கு: சீதிகளின் மேளமும் ஆட்டமும் – முழுமையான வழிகாட்டி

"ஆப்பிரிக்க மேளம் கத்துக்கணும்ணே, எங்க போகலாம்?" தொண்ணூறடி ரோட்டில் கட்டிங் சாய் குடிக்கும்போது இப்படிக் கேட்கிற தம்பிகள் அதிகமாகிவிட்டார்கள். ராப் கொண்டுவந்த ஆசை இது. 'காலா' (2018) படத்தில் தாராவியின் டோபடெலிக்ஸ் குழு பாடிய பிறகு சந்துக்கு ஒருவன் தாளத்தில் பேசிக்கொண்டு நடக்கிறான். அந்தத் தாளம் நியூயார்க்கின் கறுப்பின மக்களிடம் பிறந்தது, அதன் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். உடனே கடன் வாங்கியாவது ஒரு ஜெம்பே வாங்கிவிடுகிறான். மாலி, கினி பக்கத்து மேளம் அது. நல்ல மேளம்தான்.

ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த மேளமும் ஆட்டமும், ரயிலில் ஒரு ராத்திரிகூட ஆகாத தூரத்தில், குஜராத்தில் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. தமால் என்பார்கள், கோமா என்றும் சொல்வார்கள். அதைக் கேட்க, பார்க்க, கொஞ்சம் தட்டியும் பார்க்க நினைக்கிற புதியவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பத்திரிகைகள் 'சித்தி' என்று எழுதும். படிக்கிறவனுக்குச் சின்னம்மா ஞாபகம்தான் வரும். குஜராத்தில் 'சீதி' என்று நீட்டிச் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்வோம். 'காப்பிரி' என்ற பழைய சொல்லை அங்கே வாயிலெடுக்காதீர்கள். 'காஃபிர்' என்ற அரபிச் சொல் போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்து அப்படி ஆனது. தென்னாப்பிரிக்காவில் அது வசவு. இலங்கையில் கதை வேறு, கடைசியில் வருகிறேன்.

சீதிகளின் முன்னோர் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் மாலுமிகளாகவும் பல நூற்றாண்டுகளில் வந்து இறங்கியவர்கள். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு வந்த மாலிக் அம்பர், தக்காணத்தில் முகலாயப் படையைத் தூங்கவிடாத தளபதியானார். முருட் கரைக்கு எதிரே ஜஞ்சிராக் கோட்டையில் சீதி நவாபுகளின் ஆட்சி 1948 வரை இருந்தது. 1689இல் ஜஞ்சிராவின் சீதி யாகூப் பம்பாய்த் தீவில் படையை இறக்கி, மஸகாவ், மாஹிம் எல்லாம் பிடித்து, ஆங்கிலேயரைக் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். திருநெல்வேலியிலிருந்து நம் ஆட்கள் தாராவிக்குத் தோல் பதனிட வந்து சேர்ந்தது அதற்கு ஏறத்தாழ 200 வருடம் கழித்து. பிறகு நீராவிக் கப்பல் காலத்தில், பம்பாய்க் கப்பல்களின் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர்களில் சீதிகள் நிறைய. இந்த ஊரில் அவர்களை வேற்றாளாகப் பார்க்கிற தகுதி நமக்குக் கிடையாது.

இரண்டாம் படி: மேளத்துக்கு முன் வில்லைப் பாருங்கள்

எல்லோரும் மேளத்தில்தான் தொடங்குவார்கள். நீங்கள் மலுங்காவில் தொடங்குங்கள். மலுங்கா ஒரு வில். அதில் ஒரு குடுக்கையைக் கட்டியிருப்பார்கள். மெல்லிய குச்சியால் நாணைத் தட்டினால் குடுக்கை அந்த ஒலியை வாங்கிப் பெருக்கும். பிரேசிலில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாசிக்கும் பெரிம்பாவும் இதே மாதிரி வில்தான்.

திருநெல்வேலிக்காரருக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் வில், அங்கேயும் ஒலியைப் பெருக்க ஒரு பாத்திரம் – குடுக்கைக்குப் பதில் மண்குடம். வீசுகோல் நாணில் விழும்போது உங்கள் காது எதைப் பிடித்ததோ, அதையே மலுங்காவிலும் பிடிக்கப் பாருங்கள்.  மலுங்கா வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. ஆகவே ஒருவரை நேரில் கண்டால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

மேளங்களில் பெரியது முகர்மான். கால் வைத்து நின்றுகொண்டிருக்கும் மேளம். இருபக்கமும் தோல் கட்டிய முசிந்தோ, தோளில் மாட்டிக்கொள்ள வசதியானது. தேங்காய்ச் சிரட்டைக்குள் மணிகள் போட்டுத் துணி சுற்றிய கிலுகிலுப்பையின் பெயர் மாய் மிஸ்ரா. அது ஒரு பெண் மகானின் பெயர். சீதிகள் முதன்மையாக வணங்கும் பாவா கோரின் தங்கை அவர். கிலுகிலுப்பைக்கு மகானின் பெயர் என்றால் அதை எப்படிக் கையிலெடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோமா என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடுவோம். சுவாஹிலி உள்ளிட்ட பாண்டு மொழிகளில் 'ங்கோமா' என்றால் மேளம். மேளத்தோடு ஆடும் ஆட்டமும் அதுதான். அதற்காகக் கூடும் கூட்டமும் அதுதான். இசை ஒரு பாடம், நடனம் ஒரு பாடம் என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனித்தனியாக ஃபீஸ் கட்டிப் படித்தவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் நாளாகும்.

மேடையில் சிலர் முழங்குவதுபோலத் தப்பும் முகர்மானும் ஒரே வம்சம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோலை மரத்தில் இழுத்துக் கட்டும் வேலை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. உறவு கொண்டாட அவசரம் வேண்டாம்.

மூன்றாம் படி: கையைப் பழக்குங்கள்

கருவி எதுவும் வாங்க வேண்டாம். அறைக்குள் உட்கார்ந்து தொடையில் தட்டினால் போதும். ஆறு வரை எண்ணுங்கள். வலது கை 1, 3, 5இல் விழட்டும். அது ஓடத் தொடங்கியதும் இடது கையை 1, 4இல் சேருங்கள். ஒரு கை மூன்று அடி, மறு கை இரண்டு அடி. இரண்டும் சேரும் இடம் 1 மட்டும். வராவிட்டால் வாயால் சொல்லுங்கள்: தாம் – த கி ட –. 'தாம்' இரு கையும், 'த' வலது, 'கி' இடது, 'ட' வலது, கோடுகள் காலி. இரண்டு நாளில் வந்துவிடும். தப்பில் அடிகுச்சியையும் சிண்டுகுச்சியையும் வேறு வேறாக ஓட்டிப் பழகியவருக்கு இரண்டு நிமிடம்.

அடுத்தது 12 எண்ணிக்கை. 1, 3, 5, 6, 8, 10, 12 – இந்த ஏழில் மட்டும் கை தட்டுங்கள். கானா நாட்டு ஏவே மக்களின் இரும்பு மணியில் ஓயாமல் சுற்றும் கணக்கு இது. மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு. சீதிகளின் வேர் பெரும்பாலும் கிழக்கில். இருந்தாலும் காதைத் திறக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மிருதங்கம் படித்த நண்பர் "இது திஸ்ரம்தானே" என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவரையே காலால் 1, 4, 7, 10 போடச் சொல்லிக் கையால் இந்த ஏழைத் தட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கேட்கும் முறை

உட்கார்ந்தபடி நடப்பது பைட்டகி தமால். அதில் பாட்டின் சொல்லுக்கே முக்கியத்துவம், மேளம் அடங்கி நடக்கும். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். சொற்களில் குஜராத்தியும் ஹிந்தியும் கலந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று பாடுகிறவருக்கே நினைவில்லாத ஆப்பிரிக்கச் சொற்களும் நடுவே வரும். புதியவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

எழுந்து ஆடுவது மற்றது. மயிலிறகுப் பாவாடை, முகத்தில் வண்ணம், மேலே எறிந்த தேங்காயைத் தலையால் உடைப்பது – கேமராக்கள் எல்லாம் இதைத்தான் தேடும். நீங்கள் தேங்காயைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். மடங்கிய முழங்கால், தரையை நோக்கித் தாழ்ந்த உடம்பு, மேளம் ஒன்று சொல்லத் தோள் வேறொன்று சொல்வது. மூன்றாம் படியில் உங்கள் இரு கைகள் போட்ட சண்டையை இங்கே ஒரே உடம்பு போடும்.

மேளம் ஏறி ஏறிப் போகும்போது சிலருக்கு 'ஹால்' வரும். நம் ஊர்க் கொடையில் சாமி வருவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போனை உள்ளே வையுங்கள்.

போவதற்கு முன் காதைத் தயார் செய்ய, ஏமி கேட்லினும் நசீர் ஜெய்ராஸ்பாயும் சீதிகளின் இசை பற்றி எடுத்த ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: நேரில் போவது

பக்கத்தில் தொடங்குங்கள். டோங்ரியில் பாவா கோரின் சில்லா இருக்கிறது. சில்லா என்றால் சமாதி இல்லை, மகானின் நினைவாக வணங்கும் இடம். சாயங்காலம் தலையை மூடிக்கொண்டு போய், ஓரமாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அன்று பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூலத் தர்கா குஜராத்தின் ரத்தன்பூரில், பரூச் மாவட்டத்து ஜகடியா பக்கம் உள்ள ஒரு குன்றின் மேல். அகேட் கல் தோண்டும் பகுதி அது. பாவா கோரே கல் வியாபாரத்துக்கு வந்தவர் என்று சொல்வார்கள். அங்கலேஷ்வரிலோ பரூச்சிலோ இறங்கி மேலே போகலாம். பேய் பிடித்தது, பிடித்தது போல இருப்பது என்று குணம் தேடி எல்லா மதத்தாரும் வருகிற இடம். வேடிக்கை பார்க்கும் முகத்தோடு போக வேண்டாம்.

இன்னொரு ஊர் கீர் காட்டையொட்டிய ஜம்பூர். அங்குள்ள மகான் நகார்ச்சி பீர். நகரா மேளம் அடிப்பவர் என்று பெயரே சொல்கிறது. பத்மஸ்ரீ (2023) வாங்கிய ஹீராபாய் லோபி இந்த ஊர்க்காரர். சிங்கம் பார்க்க வருகிற சுற்றுலாக்காரருக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு தமாலும் வைக்கிறார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அது பிழைப்பு. ஆனால் கழுத்தில் கேமராவோடு நம் சந்தில் வரிசையாக நடத்திக் கூட்டிவரப்படும் வெளிநாட்டவரை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்று யோசித்துக்கொண்டே டிக்கெட் எடுங்கள். காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடாமல், ஒரு டீ சொல்லி, "தமாலை யாரிடம் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மாமா பெயரோ பாட்டி பெயரோ வரும்.

ஆறாம் படி: மற்ற ஊர்கள்

கர்நாடகத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கத்துச் சீதிகளிடம் தமாம் என்ற மேளம் இருக்கிறது. ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களின் மர்ஃபாவில் அரபிக் கையோடு சீதிக் கையும் உண்டு.

இலங்கைதான் நமக்கு மொழியால் நெருக்கம். புத்தளம் அருகே சிரம்பையடியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் சில இருக்கின்றன. தங்களைத் தாங்களே காஃபிர் என்று சொல்லிக்கொள்வார்கள், அங்கே அது அவர்கள் பெயர். அவர்கள் பாடும் மஞ்சாவில் போர்த்துகீசியக் கிரியோல் சொற்கள். மெதுவாகத் தொடங்கி முடுக்கிவிடும் பாட்டு. 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ஏ. இ. மனோகரனின் பைலாவும், கஃப்ரிஞ்ஞா என்ற பழைய ஆட்டத் தாளம் வழியாக இந்த உறவுக்குள் வரும். அதைப் போட்டுவிட்டு மூன்றாம் படியின் ஆறு எண்ணிக்கையைத் தட்டிப் பாருங்கள், பொருந்தும்.

மஞ்சாவுக்கு ரபானா, டோலக் தவிர வேண்டியதெல்லாம் சமையலறையில் உண்டு: கண்ணாடி பாட்டில், இரண்டு சிரட்டை, இரண்டு ஸ்பூன். பாட்டிலை மெதுவாகத் தட்டுங்கள். தாராவியில் சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார்.