ஒரே நிரல், இரு விடைகள்

கற்றல் நோக்கம்: நிரல் எழுதுபவர் தம்மை அறியாமல் கொள்ளும் அனுமானங்களைச் சோதனை வெளிக்கொணரும் என்பதை உணர்தல்.

வகுப்பு: செயல்பாடு 6 ஆம் வகுப்பு முதல், கணினி விளக்கம் 11 ஆம் வகுப்புக்கு.

செயல்பாடு

செஞ்சி வழியே செல்லும் திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையைக் கரும்பலகையில் கிழக்கு மேற்காக வரையுங்கள். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே ராஜகிரி. ராஜகிரிக்கு வழி எழுதச் சொன்னால், செஞ்சி மாணவர் பலர் ‘இடப்பக்கம் திரும்பு’ என எழுதுவர். ஊரிலிருந்து செல்பவருக்கு அது சரி. அதே குறிப்பைத் திருவண்ணாமலையிலிருந்து வருபவராக நடிக்கும் மாணவரிடம் கொடுங்கள். அவர் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விடுவார். அவர் மீது பிழையில்லை. குறிப்பில் எழுதாமல் விட்டது எது என்பதை வகுப்பே கண்டுபிடிக்கட்டும். ‘தெற்கே திரும்பு’ எனத் திருத்தினால் இருவரும் ராஜகிரியை அடைவர்.

கணினி விளக்கம்

சி++ மொழியில் எழுத்துத் தரவினத்துக்கு 8 பிட்டுகள் உண்டு. எட்டும் 1 ஆக இருந்தால், குறியுடைய எண்ணாகப் படிக்கும்போது மதிப்பு -1. குறியற்ற எண்ணாகப் படித்தால் 255. எப்படிப் படிப்பது என்பதை மொழியின் விதி முடிவு செய்யாமல் விட்டிருக்கிறது. லினக்ஸ் இயங்கும் இன்டெல் வகைக் கணினிகளில் அது குறியுடையது. ரிஸ்க்-ஃபைவ் வகையில் குறியற்றது.

பட்டியலின் முடிவைக் குறிக்க -1 ஐ அத்தரவினத்தில் சேமித்து, ‘மதிப்பு 0 ஐ விடக் குறைந்தால் நிறுத்து’ என எழுதிய நிரல் முன்னதில் சரியாக நிற்கும். பின்னதில் 255 ஒருபோதும் 0 ஐ விடக் குறையாது. மடக்கு நிற்காது, சோதனை தோல்வியடையும். நுண்செயலியைக் குறை கூறுவதோ அந்தச் சோதனையை நீக்குவதோ தீர்வாகாது. குறியுடைய தரவினம் என்று வெளிப்படையாக அறிவிப்பதே தீர்வு.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2010 இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுதி. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ நுண்செயலிகள் அதன் அடிப்படையிலேயே உருவானவை. நம் நாட்டு நுண்செயலி பயன்பாட்டுக்கு வர, வேறு வகைக் கணினிகளில் எழுதிப் பழகிய நிரல்கள் அதில் பிழையின்றி இயங்க வேண்டும். அந்தப் பணியை நாளை செய்யப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

மதிப்பீடு

1. ‘05/06’ என்பது எந்த நாள்? எழுதியவரின் அனுமானம் என்ன?
2. எட்டு பிட்டுகளும் 1 எனில் -1 வருவதை 2-இன் நிரப்பு முறையில் நிறுவுக.
3. ஒரே ஒரு கணினியில் மட்டும் சோதனை தோற்றால் முதலில் எதைத் தேடுவாய்?