குளிர்காலையில் டீசல் உழவு இயந்திரம் இயங்க மறுப்பது ஏன்?

க.பொ.த. (சாதாரண தரம்) – மீட்டற் பாடம்

மாணவர்களே, நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரையான சில அதிகாலைகளில் இங்கு வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். புல்லின் மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அத்தகைய ஒரு காலையில், கந்தப்பளையிலோ மீப்பிலிமானவிலோ உள்ள மரக்கறித் தோட்டத்தில், இருசில்லு உழவு இயந்திரத்தின் கைபிடியைச் சுழற்றிச் சுழற்றி ஒருவர் களைத்துப்போவதை நீங்கள் கண்டிருக்கலாம். தேயிலைத் தோட்டங்களிலும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பின்னரும், கொழுந்து ஏற்றும் டிராக்டர் கொட்டகையை விட்டு நகராத நாட்கள் உண்டு.

இதற்குக் காரணம் கேட்டால் பலர் "குளிர்" என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிடுகின்றனர். அவ்விடைக்குப் புள்ளி கிடைப்பது அரிது. குளிர் எஞ்சினின் எந்தப் பகுதியை, எவ்வாறு பாதிக்கின்றது என்பதையே நீங்கள் விளக்க வேண்டும்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி உண்டு. டீசல் எஞ்சினில் அது இல்லை. 1893இல் ஆக்கவுரிமை பெற்று, 1897இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் ருடோல்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே: வளியை மிக அதிகமாக நெருக்கினால் அது சூடாகும்; அச்சூட்டிலேயே எரிபொருள் தானாகத் தீப்பற்றும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பகுதி சுடுவதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது சிறு கணிப்பொன்றைச் செய்வோம். நெருக்கல் விகிதம் 18 : 1 ஆகவுள்ள எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் சிறிதும் இழக்கப்படாவிடின், நெருக்கல் அடிப்பின் முடிவில் வளியின் தனி வெப்பநிலை ஏறத்தாழ 3.2 மடங்காகும். உண்மையில் உருளைச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதால் 2.4 மடங்கு எனக் கொள்வோம். கொழும்பில் 30 பாகை வளி, அதாவது 303 கெல்வின், 727 கெல்வினாக உயரும். இது 454 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் 5 பாகை வளி, அதாவது 278 கெல்வின், 667 கெல்வின் வரையே உயரும். இது 394 பாகை. தொடக்கத்தில் இருந்த 25 பாகை வித்தியாசம் முடிவில் 60 பாகையாகப் பெருகிவிட்டது. (செல்சியஸ் பெறுமானத்தை அப்படியே மடங்காக்குவது மாணவர் அடிக்கடி விடும் பிழை. முதலில் 273ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்றுங்கள்.)

இங்கேயே நின்றுவிடாதீர்கள். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் என்ன நிகழும்? நெருக்கப்பட்ட வளி முசல வளையங்களின் இடுக்கால் கசிவதற்கும், குளிர்ந்த சுவருக்கு வெப்பத்தை இழப்பதற்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். அதனால் 2.4 மடங்கு 2 மடங்காகக் குறைந்தது எனக் கொண்டால், 278 கெல்வின் 556 கெல்வினாகவே உயரும். இது 283 பாகை. குளிர்ந்த வளியால் நாம் இழந்தது 60 பாகை. மெதுவான சுழற்சியால் இழந்தது மேலும் 111 பாகை! இவை விளக்கத்திற்காக எடுத்த எண்களே. எனினும், எஞ்சின் போதிய வேகத்தில் சுழல்கின்றதா என்பதை முதலில் பார்க்க வேண்டியதேன் என்பதை இவை நன்கு காட்டுகின்றன.

உயரமும் ஒரு காரணியாகும். நுவரெலியாவில் வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. எனவே உருளையினுள் செல்லும் வளியின் திணிவு குறையும். நெருக்கலின் இறுதி அமுக்கமும் குறையும்.

சுழற்சி ஏன் மெதுவாகின்றது?

முதலாவது காரணம் எண்ணெய். வெப்பநிலை குறையும்போது உராய்வுநீக்கி எண்ணெயின் பிசுக்குமை அதிகரிக்கும். எஸ்.ஏ.இ. 40 போன்ற தனித்தர எண்ணெய் குளிரில் பாணிபோலத் தடிக்கும். 15 டபிள்யூ 40 போன்ற பல்தர எண்ணெய் அவ்வளவு தடிப்பதில்லை. இதிலுள்ள 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். எவ்வாறாயினும் தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும் தரத்தையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது காரணம் பற்றரி. ஈய அமிலப் பற்றரியினுள் நடைபெறும் இரசாயனத் தாக்கம் குளிரில் மந்தமடையும். 0 பாகையை நெருங்கும்போது, வெப்பமான காலநிலையில் தரக்கூடிய வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அது தரும். அதேவேளை தடித்த எண்ணெயைக் கலக்கித் திருப்ப மோட்டருக்குக் கூடுதல் வலு தேவைப்படுகின்றது. தேவை கூடும் நேரத்தில் வழங்கல் குறைகின்றது. முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ற்றுப் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றைக் காட்டும். சுழற்றும்போது அது 9.6 வோல்ற்றிற்குக் கீழே வீழ்ந்தால் பற்றரியையும் முனை இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். முனைகளில் படியும் வெள்ளை, பச்சைப் பூப்பு மட்டுமே காரணமாக இருந்த சந்தர்ப்பங்கள் ஏராளம். புதுப் பற்றரி வாங்குமுன் அதைச் சுரண்டிப் பாருங்கள்.

புகை கூறும் செய்தி

எஞ்சின் வேகமாகச் சுழன்றும் இயங்கவில்லையாயின், புகைபோக்கியை அவதானியுங்கள்.

புகையே வராவிடின் எரிபொருள் உருளையை அடையவில்லை. தாங்கியின் திறப்பு மூடியுள்ளதா, எரிபொருள் வடி அடைத்துள்ளதா, குழாயினுள் வளி புகுந்துள்ளதா எனப் பாருங்கள். வளி புகுந்திருப்பின் வளியகற்றும் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். ஒற்றை உருளை எஞ்சினைக் கையால் சுழற்றும்போது, உட்பாய்ச்சி வேலை செய்தால் 'கிரீச்' என்ற சிறு ஒலி கேட்கும். அனுபவமுள்ளவர்கள் காதாலேயே அறிவர். உட்பாய்ச்சியைக் கழற்றி அதன் முன் கையைப் பிடித்துப் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும்.

வெண்புகை வந்தால் எரிபொருள் வருகின்றது; ஆனால் எரியவில்லை. மேலே கணித்த வெப்பக் குறைவே இங்கு பிரச்சினை. பனிக்காலையில் நீராவியும் வெண்மையாகத் தோன்றும், ஏமாறாதீர்கள். நீராவி உடனே மறையும்; எரியாத டீசல் புகை மிதந்து நின்று கண்ணை எரிக்கும். குளோ பிளக் எனப்படும் முன்சூடாக்கி பொருத்திய எஞ்சினாயின், அது சூடேறுகின்றதா எனச் சோதிக்கவும். மெசி பெர்குசன் 135 போன்ற பழைய டிராக்டர்கள் பலவற்றில் குளோ பிளக்கிற்குப் பதிலாக, உள்ளெடுக்கும் குழாயில் வளியைச் சூடாக்கும் ஓர் அமைப்பு உண்டு. முன்சூடாக்கி நல்ல நிலையிலிருந்தும் வெண்புகை தொடர்ந்தால், தேய்ந்த முசல வளையங்களையும் கசியும் வால்வுகளையும் சந்தேகிக்கலாம்.

டீசல் கலங்கியிருந்தால் சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அடுப்பில்லாத இளஞ்சூடான இடத்தில் வையுங்கள். தெளிந்தால் அது குளிரில் பிரிந்த மெழுகு. அடியில் துளிகளாகத் திரண்டால் அது நீர். பாதி வெறுமையான தாங்கியினுள் இரவில் ஈரவளி ஒடுங்கி நீராகும். மாலையிலேயே தாங்கியை நிரப்பி வைப்பதன் நோக்கம் இதுதான்.

செய்யக்கூடாதவை

குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கத் தாங்கியின் கீழ் தீ மூட்டுவது பெரும் ஆபத்து. முன்சூடாக்கி உள்ள எஞ்சினுக்கு ஈதர் தெளித்தால் உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்து முசலம் உடையலாம். குளிருக்குக் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை இயக்கினால் காபனோரொட்சைட்டு சேரும், அதற்கு மணமில்லை.

கைபிடியால் இயக்கும்போது நெருக்கல் தளர்த்தும் நெம்பை உயர்த்திப் பிடித்து, நல்ல வேகம் வந்த பின்னரே விட வேண்டும். பெருவிரலைக் கைபிடியைச் சுற்றி வளைக்காமல் மற்றைய விரல்களின் பக்கமே வையுங்கள். வேகம் போதாமல் எஞ்சின் பின்னோக்கி உதைத்தால், வளைத்த பெருவிரலும் மணிக்கட்டும் முறியக்கூடும். விறைத்த விரல்களுக்குக் கைபிடி வழுக்கும். முதலில் கைகளைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மரக்கறி லொறி ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும்.

மாதிரி வினா

சீத்தாஎலியவிலுள்ள விவசாயி ஒருவரின் நாலுசில்லு உழவு இயந்திரம் பகல் 11 மணிக்கு உடனே இயங்குகின்றது. காலை 6 மணிக்கு மெதுவாகச் சுழன்று, வெண்புகையைக் கக்கி, நின்றுவிடுகின்றது. அயலவர் எரிபொருட் பம்பியை மாற்றச் சொல்கின்றார். அவ்வாலோசனை பொருத்தமானதா? காரணம் தருக.

விடைக்குறிப்பு: பொருத்தமற்றது. வெண்புகை வருவதால் எரிபொருள் உருளையை அடைகின்றது; பகலில் அதே பம்பியுடன் எஞ்சின் இயங்குகின்றது. சுழற்சி மெதுவாக இருப்பதால் முதலில் பற்றரி, முனை இணைப்புகள், எண்ணெயின் தரம் ஆகியவற்றையும், அடுத்து முன்சூடாக்கியையும், இறுதியாக உருளையின் நெருக்கலையும் சோதிக்க வேண்டும்.