தொட்டியில் பண மரம்: அதற்கும் வேண்டும் காய்ச்சலும் பாய்ச்சலும்



நகரத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ விடுமுறைக்கு ஊர் வரும்போது, ஜடை போலப் பின்னிய தண்டும் குடை போல விரிந்த இலைகளும் கொண்ட ஒரு தொட்டிச் செடியை வாங்கி வருவதுண்டு. இதற்குப் பண மரம் என்று பெயர். விலையும் சற்றுக் கூடுதல்தான். வந்த செடியைக் கூடத்தில் வைத்து, வீட்டில் உள்ள அனைவரும் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டு மாதத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அடித்தண்டைத் தொட்டால் பழுத்த வாழைப்பழம் போல அமுங்குகிறது. 'பண மரம் பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாதோ' என்று பெரியவர்கள் மனம் கலங்குகிறார்கள். இதில் சகுனம் எதுவும் இல்லை. வயலில் வடிகால் இல்லாவிட்டால் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் என்ன நேருமோ, அதுவேதான் இங்கும் நேர்ந்திருக்கிறது. நோயின் காரணம் தெரிந்தால் செடியைப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கொடிக்கு 'மணி பிளாண்ட்' என்று பெயர். அது சேம்பு இனத்தைச் சேர்ந்த கொடி. வெறும் தண்ணீரிலும் வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். பண மரம் வேறு, இது மரம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கொடிக்குச் செய்வதையே மரத்துக்கும் செய்கிறோம். பண மரங்களுள் பல இந்தக் காரணத்தினாலேயே சாகின்றன என்பது எமது கருத்து.

பண மரத்தின் தாவரவியல் பெயர் பாச்சிரா அக்வாட்டிகா. பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் ஓப்லே 1775-ல் இதனை விவரித்துப் பெயரிட்டார். இதன் தாயகம் தெற்கு மெக்சிகோ முதல் பிரேசிலின் வட பகுதி வரையுள்ள ஆற்றோரங்களும் சதுப்பு நிலங்களும் ஆகும். அங்கே 18 மீட்டர் வரை உயரும் பெரிய மரம் இது. நீங்கள் இந்த மரத்தைப் பார்த்ததில்லை என்றாலும் இதன் உறவினரை நன்கு அறிவீர்கள். போடி, வருசநாடு பக்கம் பஞ்சுக்காக வளர்க்கப்படும் இலவ மரத்தின் இலையையும் பண மரத்தின் இலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு காம்பின் நுனியில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், விரித்த கை போலவே இரண்டிலும் இருக்கும். இலவ மரங்களை முன்பு தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இப்போது பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். இந்த உறவு பின்னால் பூச்சிகளைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பயன்படும்.

கடைகளில் பாச்சிரா அக்வாட்டிகா என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை அதன் தங்கை இனமான பாச்சிரா கிளாப்ரா என்று தாவரவியலார் கூறுகின்றனர். பூவும் காயும் வந்தால்தான் வேற்றுமை தெளிவாகத் தெரியும். தொட்டியில் அவை வருவது அரிது. பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

தண்டைப் பின்னும் வழக்கம் காட்டில் வந்ததன்று, தோட்டத்தில் வந்தது. தைவான் நாட்டு உழவர்கள் 1980-களில் இளம் நாற்றுகளின் தண்டு பச்சையாக வளையும் பருவத்தில் மூன்று அல்லது ஐந்து நாற்றுகளைச் சேர்த்துப் பின்னி விற்கத் தொடங்கினர். சீன மொழியில் இதற்குச் 'செல்வம் தரும் மரம்' என்ற பொருளில் பெயர் அமைந்தது. நான்கு என்ற சொல் அம்மொழியில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிப்பதால் நான்கு தண்டுகளைப் பின்னுவதில்லை. மண் நீக்கி, வேரை நறுக்கி, பின்னிய தண்டுகளாகவே கப்பலில் ஏற்றிப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். இந்த மரத்தால் பணம் வந்தது உண்மையே. வந்தது வளர்த்து விற்றவர்களுக்கு.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. தொட்டியில் இருப்பது ஒரு மரமன்று. மூன்று அல்லது ஐந்து தனித்தனி மரங்கள் ஒரே தொட்டியில் நெருக்கிக் கட்டப்பட்டுள்ளன. அவற்றின் வேர்கள் ஒருமுறை நறுக்கப்பட்டவை.

சதுப்பு மரம் தண்ணீரால் சாவது ஏன்?

சதுப்பில் பிறந்த மரம் தொட்டித் தண்ணீரில் ஏன் அழுக வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆற்றங்கரைச் சதுப்பில் தண்ணீர் நின்றுவிடுவதில்லை. ஏறும், இறங்கும், ஓடும். ஓடும் நீரில் காற்றும் கலந்து வரும். மேலும் அங்கே மரம் முழு வெயிலில் நிற்கிறது. ஆயிரக்கணக்கான இலைகள் நாள் முழுதும் நீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன. நம் கூடத்து மூலையிலோ வெளிச்சம் குறைவு, இலைகள் இருபதோ முப்பதோ. ஊற்றிய நீரில் கால் பங்கைக்கூடச் செடியால் குடிக்க முடியாது. மீதி நீர் தொட்டியில் தேங்கி, மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றை வெளியேற்றிவிடும். மூச்சு முட்டிய வேரில் பித்தியம் போன்ற பூசணங்கள் எளிதில் நுழைகின்றன. உங்கள் மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகலையும், இஞ்சியில் கிழங்கழுகலையும் உண்டாக்கும் அதே பித்தியம்தான்.

நீரில் நிற்கப் பிறந்த நெல்லுக்கே எப்போதும் நிறைநீர் நிறுத்துவதில்லையே. செம்மை நெல் சாகுபடியில் மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பின்னரே மறுபாய்ச்சல் கொடுக்கிறோம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற அதே முறையைத் தொட்டிக்கும் கொண்டு வாருங்கள். பண மரத்தின் பருத்த அடித்தண்டு நீரைச் சேமிக்கும் களஞ்சியம். ஆகவே சில நாள் காய்ந்தால் அது சாகாது. பல நாள் நனைந்தே கிடந்தால்தான் சாகும்.

தொட்டியும் மண்ணும்

அடியில் துளை இல்லாத தொட்டியில் இச்செடியை வளர்க்கக் கூடாது. அழகுக்காகப் பீங்கான் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். அதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கலாம். வெளித்தொட்டியில் துளை இல்லையெனில், நீர் ஊற்றும்போதெல்லாம் உள்தொட்டியை வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பின் திரும்ப வைக்க வேண்டும். மண் தொட்டி மிகவும் ஏற்றது. அதன் பக்கங்கள் வழியாகவும் ஈரம் காயும். வேர்ப் பந்தைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி போதும். 'பெரிய தொட்டியில் வைத்தால் பெரிதாக வளரும்' என்று எண்ணி வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி அழுகலுக்கே வழி செய்யும்.

செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் அல்லது பருமணல் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்பலாம். கரிசல் மண் வேண்டாம். தென்னை நார்க் கழிவு ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அது மட்டுமே நிரப்பிய தொட்டியில் செடி வாங்கி வந்தால், வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து மண் கலவைக்கு மாற்றிவிடுதல் நலம். துளையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு வைத்தால் போதும். அடியில் ஜல்லியைக் கனமாக நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. மேலுள்ள நயமான மண் முழுதும் நீர் நிறைந்த பிறகே அது பருத்த ஜல்லிக்குள் இறங்கும். ஆகவே ஜல்லி இட்ட அளவுக்கு வேரின் இடம் குறைந்து, சேறு மேலே ஏறுகிறதே தவிர வேறு பயன் இல்லை.

தொட்டி மாற்றும்போது வேரைச் சுற்றி வலைப்பையோ நாற்றுப் பையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கத்தரித்து நீக்குங்கள். பின்னலின் உச்சியிலும் அடியிலும் ரப்பர் வளையமோ கம்பியோ கட்டியிருப்பார்கள். தண்டு பருக்கும்போது அது இறுகி, கழுத்தை நெரித்துவிடும். இதனையும் அவிழ்க்க வேண்டும். தண்டுகள் பின்னலிலேயே முற்றிவிட்டதால் பிரிந்து வராது.

நீர் ஊற்றும் முறை

கோடையில் 4, 5 நாட்களுக்கு ஒருமுறையும், அடைமழைக் காலத்தில் 10, 12 நாட்களுக்கு ஒருமுறையும் நீர் தேவைப்படலாம். ஆனால் நாள் கணக்கை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டியதில்லை. காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை நிறைய ஊற்றுங்கள். நாள்தோறும் ஒரு டம்ளர் ஊற்றுவது தவறான முறை. மேல் மண் எப்போதும் நனைந்தும், அடி வேர் சில இடங்களில் காய்ந்தும் கிடக்கும். அரை மணி கழித்து அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். பழகிய பின் விரலும் வேண்டாம், தொட்டியைச் சற்றே தூக்கினால் எடையே சொல்லிவிடும். மிக முக்கியமாக, வீட்டில் ஒருவர் மட்டும் நீர் ஊற்றும் பொறுப்பை ஏற்கட்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும், மண்மேல் வெள்ளைப் படலம் படியும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது. இயலாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வெளியே வைத்து, நல்ல நீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம்.

வெளிச்சமும் உரமும்

கிழக்குப் பார்த்த திண்ணையோ, சன்னலை ஒட்டிய இடமோ ஏற்றது. இருட்டு மூலையில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும், ஈரமும் காயாது. அதற்காகக் கூடத்திலிருந்து நேரே சித்திரை வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது, இலை வெந்துவிடும். இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். அடிக்கடி இடம் மாற்றினால் இலை கொட்டும். நீலகிரி, கொடைக்கானல் பகுதியினர் பனிக் காலத்தில் செடியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

உரத் தேவை குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். சாணத்தைப் பச்சையாக இட வேண்டாம்.

அழுகலைக் கண்டால்

வாரம் ஒருமுறை ஒவ்வொரு தண்டின் அடியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. கல் போல இருந்தால் நலம். கீழிலை ஒன்றிரண்டு மஞ்சளாவது முதுமையால், கவலை வேண்டாம். பல இலைகள் ஒன்றாக மஞ்சளாகி, தண்டும் மெத்தென்றிருந்து, மண்ணில் புளித்த நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. இலை வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றினால் முடிந்தது கதை.

செடியைத் தொட்டியிலிருந்து சாய்த்து எடுத்து மண்ணை உதிருங்கள். கறுத்துக் குழைந்த வேர்களைக் கூரிய, சுத்தமான கத்தியால் வெள்ளைப் பகுதி தெரியும் வரை நறுக்குங்கள். அழுகிய தண்டு ஒன்றாக இருந்தால் அதை மட்டும் அறுத்துப் பின்னலிலிருந்து உருவிவிடுங்கள். முன்பு சொன்னபடி அவை தனித்தனி மரங்கள் ஆதலால் மற்றவை பிழைக்கும். தயங்கி விட்டுவைத்தால் பக்கத்துத் தண்டுக்கும் பரவும். வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் உலர்ந்த பின் புது மண்ணில், சிறிய தொட்டியில் நட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றலாம். வீட்டு வாசலில் வைத்து இதனைச் செய்யுங்கள். குழந்தைகளையும் கோழிகளையும் அண்டவிடாதீர்கள். அடுத்த நீர் மண் காய்ந்த பிறகுதான். பழைய மண்ணைத் தோட்டத்து நாற்றங்காலில் கொட்டிவிட வேண்டாம்.

பூச்சிகள்

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலைக்காம்பு இடுக்கிலும் பின்னலின் உள்ளேயும் ஒளிந்திருக்கும். 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று தாவியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பண மரமும் பருத்தி, செம்பருத்தியின் குடும்பமே. ஆகவே வெளியூர் நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த செடியை, வெண்டை, பருத்தி வயல்களின் பக்கம் வைக்காமல், மூன்று வாரம் தனியே வைத்துக் கவனியுங்கள். ஈரத்துணியால் துடைப்பதே பெரும்பாலும் போதும். மீறினால் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வந்தால் இலையின் அடிப்புறத்தை நீரால் கழுவினால் கட்டுப்படும்.

இதன் விதையைத் தாயகத்தில் வறுத்து உண்பார்கள். ஆனால் அவ்விதை எண்ணெயில் உடலுக்குக் கேடு செய்யும் சில கொழுப்பு அமிலங்கள் உள்ளன. ஆதலால் நமக்கு அந்த ஆசை வேண்டாம்.

புதுச் செடி உண்டாக்க

செடி உயரமாகிவிட்டால் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். புதுக் கிளை வெடிக்கும். வெட்டிய நுனியில் அரை முற்றலான 15 செ.மீ. குச்சிகளை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். குச்சியில் வந்த செடியின் அடி, விதையில் வந்ததைப் போல அவ்வளவு பருக்காது. விதை கிடைத்தால் உலரவிடாமல் உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. மூன்று நாற்றுகளை ஒரே தொட்டியில் நட்டு, தண்டு பச்சையாக வளையும்போதே, வளர வளரச் சில அங்குலமாக, இறுக்காமல் தளர்த்திப் பின்னி வாருங்கள். நுனியில் மட்டும் வாழை நாரால் கட்டுங்கள். அது தானே இற்று விழுந்துவிடும்.