செம்பில் ஏறிய களிம்பு

சீவலப்பேரி துர்க்கை அம்மன் சந்நிதியில் ஒரு செவ்வாய்க்கிழமை தரிசனத்தை முடித்துக்கொண்டு வந்து, பிரசாதப் பொட்டலத்தைப் பையில் பத்திரப்படுத்தி, சாவியைத் திருப்பிக் கட்டைவிரலால் செல்ஃப் பொத்தானை அழுத்தியபோது, எஞ்சின் உயிர்பெறும் சப்தத்துக்குப் பதிலாக ‘டக்’ என்று ஒரே ஓர் ஒலி மட்டும் ஸீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து அடங்கியது. அன்று தொடங்கிய சங்கடம் ஐந்து மாத காலம் என்னை விட்டு நீங்கவில்லை. நித்தமும் தகராறு செய்கிற யந்திரத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். பத்துத் தடவைக்கு ஏழு தடவை ஒழுங்காக நடந்து, மிச்ச மூன்று தடவை, அதுவும் நாம் அவசரமாகப் புறப்படும் வேளை பார்த்துக் கையை விரித்துவிடுகிற யந்திரத்தோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும் பிரயாசை. பழுது பார்க்கக் கொண்டுபோன இடத்தில் அது பரம சாதுவைப்போல் முதல் அழுத்திலேயே ஓடிக் காட்டும்; நம்மைப் பொய்யனாக்கிவிட்டு வீடு வந்து சேரும்.

2018-இல் வாங்கிய, கார்புரேட்டர் வைத்த 150 சி.சி. வண்டி அது. கிக்கர் கிடையாது. வாங்கும்போதே அதைப்பற்றி என் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. “இந்தக் காலத்துல கிக்கர யாருப்பா மிதிச்சிக்கிட்டு இருக்கா?” என்று மகன் சொல்ல, பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பேசியே பழகிய நான் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்துவிட்டேன். ‘இந்தியன்’ என்று பெயர் பூண்ட அமெரிக்கக் கம்பெனி ஒன்று 1914-ஆம் வருஷத்திலேயே மின்சார ஸ்டார்ட்டர் பொருத்திய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்து விற்க முற்பட்டதென்றும், அக்காலத்துப் பேட்டரிகள் அந்தப் பாரத்தைத் தாங்காமையால் மறு வருஷமே அந்த யோசனையைக் கைவிட்டதென்றும் பிற்பாடு படித்தபோது, என் துயரத்துக்கு நூறு வருஷப் பூர்வீகம் உண்டென்பதில் அற்ப ஆறுதல் கிடைத்தது.

நோயின் மூலத்தைச் சொல்ல வேண்டுமானால் வெள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கும் இடம் எங்கள் ஊர். முக்கூடற் பள்ளு பாடியது இந்தக் கூடலைத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்தப் பேய்மழையில், ஆறு கரை புரண்டு வந்ததில், தாழ்வாரத்தில் நின்ற என் வண்டி எஞ்சின் மூழ்க ஓர் இரவும் ஒரு பகலும் நீரில் நின்றது. நீர் வடிந்த மறுநாளே ஆவலை அடக்கமாட்டாமல் செல்ஃபை அழுத்திப் பார்த்தேன். இதைப்போன்ற அவிவேகம் வேறில்லை. சிலிண்டருக்குள் நீர் இருந்து, அதை பிஸ்டன் நெருக்கியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும். ஏதோ அம்மன் கிருபை, அது நேரவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, பாலூற்றிய தேநீர்போல் நிறம் மாறிய ஆயிலை வடித்துப் புதிதாக விட்ட பிறகே செல்ஃபைப்பற்றி நினைக்க வேண்டும். மெக்கானிக் அவ்வளவையும் செய்து தந்தார். வண்டியும் நன்றாக ஓடிற்று. வெள்ளம் போய்ப் பத்து மாதம் கழித்துத்தான் அந்த ‘டக்’.

முதல் வைத்தியர், பேட்டரி போய்விட்டது என்றார். 1,400 ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கினேன். பழையதைக் கொடுத்ததற்குச் சொற்பத் தொகை கழித்தார்கள். இரண்டு வாரம் சுகம். மறுபடி ‘டக்’. இரண்டாமவர் ரிலேயை மாற்றினார். பத்து நாள் சுகம். மூன்றாமவர் மோட்டாரையே கழற்றி, கரி படிந்திருந்த கம்யூட்டேட்டரை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, பாதிகூடத் தேயாத கார்பன் பிரஷ்களை மாற்றிப் போட்டார். அதிலும் பன்னிரண்டு நாள் சுகம். ஒவ்வொரு முறையும் சிகிச்சை பலித்ததாகவே தோன்றிற்று. ஒவ்வொருவரும் தம் நிதானமே சரியென்று மனப்பூர்வமாக நம்பினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த காகதாலீய நியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை விளக்கியிருக்கும் நான், அந்த நியாயம் என் வாசலிலேயே மும்முறை நிகழ்ந்தும் அறிந்துகொள்ளவில்லை. பேட்டரியை மாற்றினாலும், ரிலேயை மாற்றினாலும், மோட்டாரைக் கழற்றினாலும், எதைச் செய்வதற்கும் முன்னால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, பிறகு முறுக்கி மாட்டித்தானே ஆகவேண்டும்? அந்த அசைவிலே ஒவ்வொரு தடவையும் தற்காலிகமாகக் குணமானது அந்த வயர்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் பாளையங்கோட்டையில் ஒயரிங் வேலை மட்டும் செய்கிற ஒரு பெரியவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, “என்ன சத்தம் கேக்கு, சார்வாள்?” என்று விசாரித்தார். அவர் கேட்டதன் அர்த்தம் பிறகு விளங்கிற்று. பொத்தானை அழுத்தியும் சத்தமே இல்லையென்றால் பியூஸ், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஆகிய சின்ன வழியில் தடங்கல். ‘டிக்டிக்டிக்’ என்று பல்லி கத்துவதுபோல் ரிலே துடித்தால் பேட்டரியில் பலமில்லை. மோட்டார் மட்டும் ‘ஸொய்ங்’ என்று சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் ரிலே சேர்ந்துவிட்டது, ஆனால் பெரிய வழியில் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே சிக்கிக்கிடக்கிறது.

மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார்: 12.7 வோல்ட். பொத்தானை அழுத்தச் சொன்னார்: ‘டக்’, மீட்டர் 11.8-இல் நின்றது. “பேட்டரி செத்திருந்தா ஒம்பதுக்குக் கீழ போயிருக்கும்லா? இது எறங்கவே இல்லையே” என்றார். பிறகு, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, மறுபடி அழுத்தச் சொன்னார். கனத்த வயர் ஒன்றால் இணைக்கப்பட்ட இரு முனைகள் அவை. கால் வோல்ட்கூடக் காட்டக்கூடாத அந்த இடத்தில் நான்கு வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று.

“குளம் நெறைய தண்ணி கெடக்கு, சார்வாள். வாய்க்கால் தூந்து போச்சு.”

மருதூர் அணைக்கட்டுக்கு மேற்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் நாற்பது ஆம்பியர் இழுக்கிறதென்று வைத்துக்கொண்டால், வழியில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே நான்கு வோல்ட் அங்கேயே விரயமாகிவிடுகிறது. அந்த அற்பத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யம் என்றே காட்டும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் துளியளவு, தூர்ந்த வாய்க்காலிலும் அது கசிந்து போய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் வயரைக் கழற்றி வைத்துக்கொண்டு பரீட்சிப்பதில் பிரயோசனமில்லை. பொத்தான் அழுந்தியிருக்கும் அந்த இரண்டு விநாடியில், பாரம் ஏறியிருக்கும்போதே அளக்க வேண்டும்.

அவர் அந்த மைனஸ் வயரைக் கழற்றி, நுனியில் நசுக்கி மாட்டியிருந்த வளையத்தை ஒட்டிக் கறுப்புத் தோலைக் கத்தியால் நீளவாக்கில் கீறித் திறந்தார். வெளியே வழவழப்பாக, பழுதற்றிருந்த அந்தத் தோலுக்குள்ளே, செம்புக் கம்பிகள் பாசிபோலப் பச்சை பிடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. பளபளப்போடு எஞ்சியிருந்தவை ஏழெட்டு இழைகள். வெள்ள நீர் வளையத்தின் இடுக்கு வழியே நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்கிடையே ஏறி, மாதக்கணக்கில் சாவகாசமாகத் தின்றிருக்கிறது. ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பின் களிம்பையே உவமையாகச் சொல்லுவார்கள். தாமிரம் என்று செம்பின் பெயரையே தாங்கிய நதியின் நீர் அதை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

புதிய வயர், கூலி உட்பட 150 ரூபாய். எஞ்சினில் அது அமரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் தெரியும்படி செய்து, இறுக்கியபின் வாஸலீன் தடவினார். இப்போது அதே இடத்தில் மீட்டர் 0.1 காட்டுகிறது.

அவரிடம் கற்ற வேறு சில சமாசாரங்களும் உண்டு. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். மாற்றிச் செய்தால், பிளஸை முடுக்கும் ஸ்பேனர் சட்டத்தில் பட்ட கணத்தில் பொறி பறக்கும். முனைகளில் பூத்த வெண்பொடிக்கு ஆப்பசோடா கரைத்த வெந்நீரே போதும். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் சேர்ந்தாற்போல் அழுத்தாமல், எடுக்காவிட்டால் அரை நிமிஷமாவது மோட்டாருக்கு ஓய்வு தர வேண்டும். ரிலேயின் இரு பெரிய முனைகளை ஸ்குரூடிரைவரால் சேர்த்து வண்டியை எடுப்பதை நம்மூரில் ஒரு வித்தையாகவே பாராட்டுகிறார்கள். பெட்ரோலுக்கும் பேட்டரி வாயுவுக்கும் பக்கத்தில் பொறியெழுப்புகிற அதை நான் வித்தையென்று ஒப்புக்கொள்வதில்லை. என்னுடையது கார்புரேட்டர் வண்டியாதலால், அந்த ஐந்து மாதமும் பாலத்துச் சரிவில் இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளியாவது கிளப்பினேன். ஃப்யூயல் இஞ்செக்ஷன் வைத்த இன்றைய வண்டிகளில் பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் பெட்ரோல் பம்ப்பே ஓடாதாகையால், தள்ளுகிறவனுக்கு வியர்வைதான் மிச்சம்.

நானும் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் தெருவில் எனக்கு ஒரு கீர்த்தி பரவிவிட்டது. போன வாரம் எதிர்வீட்டுக்காரர், “சார்வாள், செல்ஃப் சத்தமே இல்ல, பேட்டரி வாங்கத்தான் பொறப்படுதேன், எதுக்கும் ஒரு எட்டு வந்து பாருங்களேன்” என்று அழைத்தார். மூக்குக் கண்ணாடியும் மீட்டருமாக நான் போய்ச் சேர்ந்து, கம்பிகளைப் பிரித்து, ஸீட்டைத் திறக்கச் சொன்ன சமயத்தில், வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த அவருடைய பேத்தி, வலது கைப்பிடியில் இருந்த, எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்சை மேலும் கீழுமாகத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.